முதலிலிருந்து ஒரு கச்சேரி

எந்தக் கச்சேரி எப்படி முடியும் என்று என்னைக் கேளுங்கள், சொல்கிறேன். எப்படி ஆரம்பிக்கும் என்று மட்டும் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. மயிலாப்பூரில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியவன் இப்படிச் சொல்வது கேவலம்தான். ஆனால் பெரிய பாடகர்களைக் கேட்கவும் வேண்டும், காசும் கொடுக்கக் கூடாது என்று பிடிவாதம் பிடிக்கிறவனுக்கு இந்த ஊரில் ஒரே ஒரு வழிதான் இருக்கிறது. அந்த வழி திறப்பதற்குள் கச்சேரி முக்கால்வாசி முடிந்திருக்கும்.

விவரம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மார்கழி மாதம் எங்கள் பக்கத்துச் சபாக்களில் மத்தியானக் கச்சேரி எல்லாம் ஓசி. பாடுகிறவர் யாரென்று ஊருக்குத் தெரியாது, கேட்கிறவர்களில் பாதிப் பேர் ஏசிக்காக வந்து தூங்குகிறவர்கள். சாயங்காலக் கச்சேரிக்குத்தான் டிக்கெட். அந்தச் சாயங்காலக் கச்சேரியில் முக்கியமான பாட்டு முடிந்ததும் பாடகர் வாயை மூடிக்கொள்வார். மிருதங்கமும் கடமும் மட்டும் தனியாக வாசிக்கும். அதற்குத் தனி ஆவர்த்தனம் என்று பெயர், சுருக்கமாகத் தனி. தனி ஆரம்பித்ததுதான் தாமதம், அரங்கத்தில் பாதிப் பேர் எழுந்துவிடுவார்கள். கேன்டீனில் அடை தீர்ந்துவிடும் என்று சிலருக்குக் கவலை, அடுத்த சபாவுக்கு ஓட வேண்டும் என்று சிலருக்குப் பரபரப்பு. வாசலில் டிக்கெட் கிழிக்கிறவரும் தன் கடமை முடிந்தது என்று காபி குடிக்கப் போய்விடுவார்.

அந்த நேரம் பார்த்து நாங்கள் உள்ளே போவோம். நாங்கள் என்றால் நான், என் மனைவி, என்னோடு காலையில் லஸ் பக்கத்துப் பூங்காவில் நடக்கிற நண்பர், இன்னும் முகம் மட்டும் தெரிந்த பத்துப் பதினைந்து பேர். யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்க மாட்டோம். குனிந்து, மூவாயிரம் ரூபாய் கொடுத்தவன் சூடு பண்ணி வைத்துவிட்டுப் போன நாற்காலியில் போய் உட்கார்ந்து, சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு, ஆரம்பத்திலிருந்தே அங்கேதான் இருந்தவர்களைப் போல் தொடையில் தாளம் போடுவோம். அதற்கப்புறம் வருகிற சின்னச் சின்னப் பாட்டுகளும் மங்களமும் எங்களுக்கு. 'கல்யாணத்துக்குப் போய்த் தாம்பூலம் மட்டும் வாங்கிண்டு வரா மாதிரி' என்று நண்பர் சொல்வார். பெருமையாகத்தான் சொல்வார். வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், பென்ஷன் என்னுடையதைப் போல இரண்டு மடங்கு. கொள்கை என்று வந்துவிட்டால் பென்ஷனை யார் பார்க்கிறார்கள்?

எனக்கும் அது கொள்கைதான். சங்கீதத்துக்கு விலை வைக்கலாமா, சரஸ்வதிக்குக் கட்டணமா என்றெல்லாம் பேசுவேன். கடற்கரைச் சாலைப் பக்கம் ஏதோ மைதானத்தில் சினிமாப் பாட்டுக் கச்சேரியாம், மண்ணில் நின்றுகொண்டே கேட்க ஒரு ஆளுக்குப் பத்தாயிரமாம் என்று பேப்பரில் படித்துவிட்டு ஒரு வாரம் வீட்டில் அதையே பேசிக்கொண்டிருந்தேன். என் மனைவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "உங்களை யாருங்க கூப்பிட்டா? எதுக்கு இப்படிக் கொதிக்கிறீங்க?" என்றாள். கஞ்சன் என்கிற ஒற்றைச் சொல்லை அவள் இதுவரை என் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. அந்த நாகரிகத்துக்காகவாவது அவளுக்கு நான் ஒரு டிக்கெட் வாங்கிக் கொடுத்திருக்கலாம்.

அவளுக்குச் சங்கீதம் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் முறையாகக் கற்றுக்கொண்டவள். பாடகர் தொண்டையைக் கனைத்துவிட்டு ஒரு இழுப்பு இழுத்தால் போதும், ராகத்தின் பெயரைச் சொல்லிவிடுவாள். எனக்குக் கல்யாணியும் தெரியாது, காம்போதியும் தெரியாது. ஆனால் தலையாட்டத் தெரியும். அதை நான் ரொம்ப நன்றாகவே செய்வேன். எப்போது ஆட்ட வேண்டும் என்பதை அவள் தலையைப் பார்த்துத் தெரிந்துகொள்வேன்.

அந்தப் பாடகியை நாங்கள் முதலில் கேட்டது தி.நகரில் ஒரு மத்தியானக் கச்சேரியில். அந்தப் பெண்ணுக்கு அப்போது இருபது வயது இருந்தால் அதிகம். அரங்கத்தில் விரல் விட்டு எண்ணிவிடலாம், அவ்வளவு பேர்தான். எண்ணினால் அதில் அந்தப் பெண்ணின் அப்பா அம்மாவும் வருவார்கள். நான் சாம்பார் சாதம் சாப்பிட்டுவிட்டு வந்திருந்ததால் முதல் பாட்டிலேயே தூங்கிவிட்டேன். மனைவி என் விலாவில் குத்தி, "எழுந்திருங்க, இந்தப் பொண்ணு பெரிய ஆளா வரும், கேளுங்க" என்றாள். நான் கண்ணைத் திறந்து தலையை ஆட்டிவிட்டு மறுபடி தூங்கினேன். பின்னால் அந்தப் பெண் நிஜமாகவே பெரிய ஆளாக வந்தபோது, அவளை நான்தான் கண்டுபிடித்தேன் என்று பூங்காவில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மனைவி பக்கத்தில் நிற்கும்போதே சொல்லியிருக்கிறேன். அவள் வேறு பக்கம் பார்த்துக்கொள்வாள்.

அந்தப் பாடகி மத்தியானத்திலிருந்து சாயங்காலத்துக்குப் போனதிலிருந்து எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் தனிக்கு அப்புறம்தான். அவள் ராகம் பாடி நாங்கள் கேட்டதில்லை. கச்சேரியை வர்ணம் என்கிற பாட்டில் தொடங்குவாளாம், அது என்ன வர்ணம் என்று தெரியாது. உள்ளே போகிறபோது மேடையில் வாயை மூடிக்கொண்டு தாளம் போட்டுக்கொண்டிருப்பாள். எங்களைப் பொறுத்தவரை அவள் பாதி நேரம் பாடாத பாடகி.

போன வருஷம் மழைக்காலத்தில் என் மனைவிக்குக் காது மந்தமாகத் தொடங்கியது. நான் பேசுவதைத்தான் வேண்டுமென்றே காதில் வாங்காமல் இருக்கிறாள் என்று முதலில் நினைத்தேன். அதற்கு நியாயமும் இருந்தது. அப்புறம் குக்கர் விசில் தவறியது, வாசல் மணி தவறியது. அடையாறில் ஒரு காது டாக்டரிடம் போனோம். கண்ணாடி அறையில் உட்கார வைத்துச் சோதித்துவிட்டு, நரம்பு சம்பந்தப்பட்டது, கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், மிஷின் வைத்துக்கொண்டால் பேச்சு நன்றாகவே கேட்கும் என்றார்.

"பாட்டு?" என்று கேட்டாள்.

"கேக்கும்மா. ஆனா பேச்சுக்காகப் பண்ண மிஷின் இது. பாட்டு இப்ப கேக்கற மாதிரியே இருக்கும்னு சொல்ல மாட்டேன். கொஞ்சம் வேற மாதிரி இருக்கும்."

பொங்கலுக்கு அப்புறம் மிஷின் வைத்துக்கொள்வது என்று முடிவானது. வெளியே வந்து ஆட்டோவுக்கு நின்றபோது, தெருவெல்லாம் கேட்கிற குரலில் சொன்னாள்: "இந்த மார்கழிக்கு அந்தப் பொண்ணு கச்சேரி ஒண்ணு முதல்லேர்ந்து கேட்டுடணும்ங்க. என் காதாலயே. வர்ணத்துலேர்ந்து."

கல்யாணமானதிலிருந்து அவள் என்னிடம் வாய்விட்டு எதையும் கேட்டவளில்லை. "என்ன பெரிய விஷயம், முதல் வரிசையிலேயே வாங்கிடறேன்" என்றேன். சொன்ன மறு நிமிஷமே முதல் வரிசை எவ்வளவு இருக்கும் என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்தது. பிறவிக் குணம் லேசில் போகுமா?

டிக்கெட் எல்லாம் இப்போது போனில்தான். குறித்த நாளில் குறித்த மணிக்குத் திறக்கும், திறந்த வேகத்தில் தீர்ந்துவிடும். நான் குளித்து, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். மனைவி பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டாள். அதிசயமாக எல்லாம் சரியாகவே நடந்தது. முதல் வரிசையில் நடுவில் இரண்டு இடம், ஸ்பீக்கருக்கு நேர் எதிரே. அழுத்தினேன். பச்சையாக மாறியது. இரண்டு டிக்கெட், ஆறாயிரம். பல்லைக் கடித்துக்கொண்டேன். பணம் கட்டும் பக்கம் வந்தது. மேலே ஒரு கடிகாரம் பின்பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது.

அந்த ஆறாயிரத்துக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. வசதிக் கட்டணம்.

"வசதிக் கட்டணமா? யாருக்கு வசதி?" என்றேன்.

"என்னது?" என்றாள் மனைவி.

"வசதியாம்! என் வீடு, என் நாற்காலி, என் போன், என் கரண்ட், என் விரல். இதுல இவனுக்கு எதுக்குக் கட்டணம்? அதுக்கு மேல வரி வேற போட்டிருக்கான் பாரு. வசதிக்கு வரி!"

"கட்டிடுங்க, பரவாயில்லை."

"பணம் போனாப் போகுது, நியாயம்னு ஒண்ணு இருக்கா இல்லையா?" நான் எழுந்தே நின்றுவிட்டேன். ரயில் டிக்கெட்டிலிருந்து ஆரம்பித்து, சினிமா டிக்கெட் வழியாக, காஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவருக்குக் கொடுக்கிற காசு வரைக்கும் போய்வந்தேன். அவளுக்குச் சரியாகக் கேட்காதே என்று முக்கியமான இடங்களை இரண்டாவது தடவை உரக்கச் சொன்னேன். கடைசியில், சரி, தொலையட்டும் என்று உட்கார்ந்து போனைப் பார்த்தால், உங்கள் நேரம் முடிந்துவிட்டது என்று எழுதியிருந்தது. திரும்ப உள்ளே போனேன். அரங்கம் முழுக்கச் சாம்பல் நிறமாக இருந்தது. ஒரு இடம் இல்லை. பால்கனிகூட இல்லை.

என் மனைவி என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "போகட்டும் விடுங்க, தனிக்கு அப்புறம் போயிக்கலாம்" என்று சொல்லிவிட்டு நாற்காலியை எடுத்து இருந்த இடத்தில் போட்டாள். நான் நெற்றியில் இட்டதை அழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் பூங்காவில் நண்பரிடம் சொன்னேன். அவர் நடையை நிறுத்தவேயில்லை. "ஓய், உமக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு? ஆறாயிரம் குடுக்கப் பாத்தீரா? வழக்கம்போல தனிக்கு வாரும், நான் எடம் பிடிச்சு வைக்கறேன்."

"இல்ல சார், அவளுக்கு வர்ணத்துலேர்ந்து கேக்கணும்."

விஷயத்தைச் சொன்னதும் நின்றார். "அப்போ மேடை டிக்கெட் ட்ரை பண்ணும். அரங்கம் ரொம்பிடுத்துன்னா மேடையிலயே பாடறவாளைச் சுத்தி ஜமக்காளம் போட்டு உக்கார வைப்பா. அன்னிக்குக் காலம்பறதான் குடுப்பா. விலையும் கொள்ளை மலிவு. ஆனா தரையில உக்காரணும், நடுவுல எழுந்துக்கப்படாது. உம்ம முட்டி தாங்குமா?"

மலிவு என்ற வார்த்தைக்கு அப்புறம் அவர் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை. எங்கள் வீட்டில் காது மந்தமானவர்கள் இரண்டு பேர்.

கச்சேரி அன்று விடிந்ததும் சபா வாசலில் போய் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர்கள் எல்லாம் வீட்டிலிருந்து மடக்கு நாற்காலி கொண்டுவந்திருந்தார்கள். நான் கைக்குட்டையை விரித்துப் படிக்கட்டில் உட்கார்ந்தேன். ஜன்னல் திறந்து என் முறை வந்தபோது இரண்டு டிக்கெட் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு வடக்கு மாட வீதி வழியாக நடந்து வந்தபோது ஏதோ ராஜ்ஜியத்தைப் பிடித்துவிட்டவன் போல் இருந்தது எனக்கு. வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். மனைவி டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மேடையிலயா? நம்மளா?" என்று கேட்டுவிட்டு, பீரோவைத் திறந்து பட்டுப்புடவையை எடுத்தாள்.

மேடையில் உட்காருவது என்றால் என்னவென்று உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. திரை விலகியதும் ஆயிரம் பேர் உங்களைப் பார்க்கிறார்கள். அவர்கள் பார்ப்பது பாடகியைத்தான், ஆனால் அவள் தோளுக்குப் பின்னால் நீங்களும் இருக்கிறீர்கள். மூக்கைச் சொறிய முடியாது. கொட்டாவி விட முடியாது. போதாக்குறைக்கு வாலண்டியர் பையன்கள் எங்களைப் பிரித்து உட்கார வைத்துவிட்டார்கள். "இடம் இருக்கிற இடத்துல உக்காருங்க சார், ஜோடி ஜோடியா எல்லாம் உக்கார வைக்க முடியாது." மனைவி பாடகிக்கு நேர் பின்னால், தம்பூரா வைத்திருந்த பெண்ணின் பக்கத்தில். நான் மேடையின் இந்த ஓரத்தில், கடம் வாசிக்கிறவரின் முதுகுக்குப் பின்னால்.

பாடகி வந்து கும்பிட்டாள். கைதட்டல் ஓய்ந்ததும் பாட ஆரம்பித்தாள். பாட ஆரம்பித்தாள் என்பதை அவள் தாடை அசைந்ததை வைத்துத் தெரிந்துகொண்டேன். ஏனென்றால் எனக்குப் பாட்டு கேட்கவே இல்லை! அரங்கத்தின் ஸ்பீக்கர்கள் எல்லாம் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜனங்களைப் பார்த்து இருந்தன. எனக்குக் கேட்டதெல்லாம் கடம்தான். கடம், கடத்துக்கு மேல் மிருதங்கம், மிருதங்கத்துக்குப் பின்னால் எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஒரு குரல்.

பாவி, என்ன காரியம் செய்துவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. நல்ல காது இருக்கிற எனக்கே இப்படி என்றால் அவளுக்கு என்ன கேட்கும்? கழுத்தை நீட்டி அவளைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். முகம் தெரியவில்லை. ஒரு தடவை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கேட்காமல் அழுகிறாள் என்று நினைத்தேன். வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசையைச் சொன்னாள், அதையும் மலிவாகக் கிடைக்கிற மூலையில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டேனே என்று என்னை நானே சபித்துக்கொண்டேன். அந்தச் சமயத்தில்கூட, முதல் வரிசையில் என் மனைவி உட்கார்ந்திருக்க வேண்டிய நாற்காலியில் ஒருவர் போனில் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

இப்படியே ராகங்கள் வந்தன, போயின. என்ன ராகம் என்று கேட்காதீர்கள். தலையாட்டுவதற்கும் வழியில்லை, பார்த்து ஆட்ட வேண்டிய தலை அந்தப் பக்கம் இருந்தது. கால் இரண்டும் மரத்துப்போய், இடுப்புக்குக் கீழே நான் இருக்கிறேனா என்பதே சந்தேகமாகிவிட்டது.

தனி ஆரம்பித்தது. பாடகி வாயை மூடிக்கொண்டு தாளம் போட, எதிரே அரங்கம் கலைந்தது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அதை மேடையிலிருந்து பார்த்தேன். முன்வரிசைக்காரர்கள் எழுந்து கேன்டீனுக்கு ஓடினார்கள். பின்வாசல் திறந்தது. உள்ளே வந்தது எங்கள் கூட்டம். குனிந்து, பையை மார்போடு அணைத்து, சந்தில் புகுந்து புறப்பட்டு, காலி நாற்காலியைக் கண்டால் ஒரு துள்ளு! ஐயோ, நானும் இப்படித்தான் வருவேனா? எல்லோருக்கும் முன்னால் என் நண்பர். முதல் வரிசை நடுவில் அமர்ந்து, சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு, தாளம் போட ஆரம்பித்துவிட்டார். அவருக்குப் பக்கத்தில் இரண்டு நாற்காலி காலி. ஸ்பீக்கருக்கு நேர் எதிரே.

எனக்கு ஆவேசம் வந்துவிட்டது. இன்னும் கச்சேரி பாக்கி இருக்கிறது. இப்போது இறங்கிப் போய் உட்கார்ந்தால் மீதியாவது அவளுக்குக் கேட்கும். மனைவியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினேன். அவள் பார்க்கவில்லை. கண்ணை உருட்டி முன்வரிசையைக் காட்டினேன். அவள் பார்க்கவில்லை, தம்பூராக்காரப் பெண் பார்த்துப் பயந்துபோனாள். கையைத் தூக்கிக் காலி நாற்காலியைச் சுட்டினேன். எதிரே நண்பர், தனக்குத்தான் கை காட்டுகிறேன் என்று நினைத்து எழுந்து நின்று பதிலுக்குக் கை ஆட்டினார். அவரோடு இன்னும் இரண்டு பேர் ஆட்டினார்கள்.

வேறு வழியில்லை என்று எழுந்தேன்.

கச்சேரி மேடையில், தனி நடக்கும்போது, வாசிக்கிறவருக்குப் பின்னாலிருந்து ஒருவன் எழுந்து நிற்கலாமா? கல்யாணத்தில் தாலி கட்டுகிற நேரத்தில் குறுக்கே போய் நிற்கிறவனைக்கூட மன்னித்துவிடுவார்கள். நானோ முழுசாக எழவுமில்லை. மரத்த கால் பாதியில் கைவிட்டது. முன்னால் உட்கார்ந்திருந்தவரின் தலையைப் பிடித்துக்கொண்டு, இடுப்பை வளைத்து, ஆயிரம் பேர் முன்னால் அந்தரத்தில் நின்றேன். கடம் வாசிக்கிறவர் வாசிப்பதை நிறுத்தாமலேயே கழுத்தைத் திருப்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். பாடகியும் பார்த்தாள். கடைசியாக என் மனைவி நிமிர்ந்து பார்த்தாள். நான் தவிப்போடு முன்வரிசையைக் காட்டினேன். அவள் உள்ளங்கையைக் கீழ்நோக்கி இரண்டு தடவை அசைத்தாள். உட்கார் என்று அர்த்தம். பிறகு, இந்த ஆள் யாரோ எனக்குத் தெரியாது என்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

உட்கார்ந்தேன். விழுந்தேன் என்பதுதான் சரி. மானம் கப்பலேறியது. மங்களம் முடியும் வரை ஜமக்காளத்தின் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்ததும் நடக்க முடியாமல் ஆட்டோ பிடித்தோம். அவள் முகத்தைப் பார்க்கவே எனக்குத் தைரியம் வரவில்லை. "ஒண்ணும் கேட்டிருக்காதே உனக்கு. எல்லாம் என்னால" என்று சொல்ல ஆரம்பித்தேன். அவளோ ஆட்டோ குலுங்குகிற மாதிரி, "என்னமா பாடிச்சுங்க அந்தப் பொண்ணு!" என்றாள்.

"கேட்டுச்சா உனக்கு?"

"கேட்டுச்சாவா? அந்தப் பொண்ணுக்கு எதிர்ல கீழ ஒரு குட்டி ஸ்பீக்கர் இருந்துச்சே, பார்க்கலையா? அவ பாடறது அவளுக்கே கேக்கணும்னு வெச்சது. நேரா என் முகத்துக்குத்தான் இருந்துச்சு. அவ மூச்சு வாங்கறதுகூடக் கேட்டுச்சு. வர்ணம் எடுத்தப்பவே எனக்கு அழுகை வந்துடுச்சு. நீங்க எதுக்கு நடுவுல எழுந்து டான்ஸ் ஆடினீங்க?"

ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "இன்னா சார், மேடைல ஆடினியா? பாத்தா அப்டித் தெரிலயே!"

நான் தெருவைப் பார்க்கத் திரும்பிக்கொண்டேன். பேசியிருந்தால் அழுதிருப்பேன், அது ஆட்டோக்காரருக்கு இன்னும் வசதியாகப் போயிருக்கும்.

"உங்களுக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"பிரமாதம்."

"வர்ணம் என்ன ராகம்?"

"கல்யாணி" என்றேன். எனக்குத் தெரிந்த பெயரே இரண்டுதான்.

அவளிடம் எதுவும் ஒளிக்க முடியாது. "உங்களுக்கு ஒண்ணுமே கேக்கலை, இல்ல?" என்றாள். எத்தனையோ வருஷமாகப் போட்டுவந்த ரசிகர் வேஷம் மந்தவெளி சிக்னலில் கலைந்தது. அவள் சிரிக்க ஆரம்பித்து, வீடு வந்து சேரும் வரை நிறுத்தவில்லை.

மறுநாள் காலையில் நண்பர் முன்வரிசையிலிருந்து எடுத்த போட்டோ ஒன்றை போனில் அனுப்பியிருந்தார். பாடகி தாளம் போடுகிறாள், அவளுக்குப் பின்னால் ஒருவன் இன்னொருவன் தலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அதை அழித்துவிட்டு சமையலறைக்குப் போனேன். மனைவி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பாடிக்கொண்டிருந்தாள். அவள் வாய்விட்டுப் பாடிக் கேட்டு எவ்வளவோ காலமாகிறது. காது மந்தமானதிலிருந்து அவளுக்குத் தன் குரலின் அளவு தெரிவதில்லை, கீழ்வீட்டில் ஜன்னலைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"என்ன பாட்டு அது?" என்று கேட்டேன். பதில் இல்லை. தோளைத் தொட்டேன்.

"வர்ணம். நேத்து நீங்க கேக்காதது" என்றாள். "உக்காருங்க, முதல்லேர்ந்து பாடறேன். தனி வருதுன்னு எழுந்து போயிடாதீங்க."

முட்டியைப் பிடித்துக்கொண்டு தரையில், அவளுக்குப் பின்னால், சுவரோரமாக உட்கார்ந்தேன். தொண்டையைச் சரிசெய்துகொண்டு ஆரம்பித்தாள். சில இடங்களில் சுருதி விலகியிருக்கலாம், எனக்குத் தெரியாது. குக்கர் விசில் அடித்தது. அவள் பாட்டுக்குப் பாடிக்கொண்டே இருந்தாள். நான் எழுந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். ஒரு வார்த்தை விடாமல் எல்லாம் கேட்டது.

முதல் பாதி முடிந்ததும் திரும்பாமலே, "கேக்குதாங்க?" என்றாள்.

"கேக்குது" என்றேன்.

கீரையிலிருந்து கை எடுக்காமல் கொஞ்சம் காத்திருந்தாள். "கேக்குதா?" என்று மறுபடியும் கேட்டாள்.

நான் எழுந்து, சுற்றிப் போய், அவள் முகத்துக்கு நேரே, என் வாய் அசைவது தெரிகிற இடத்தில் உட்கார்ந்தேன்.

"கேக்குது. பாடு."